மச்சான் கொடுத்த சுருதி

"பியானோ" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஃபியூஸின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவி அவன் கால் கட்டைவிரலிலேயே விழுந்தது. உயிர் போகிற வலி. ஆனாலும் கத்தவில்லை. கத்தினால், ஏன் கை நழுவியது என்று யாராவது கேட்பார்கள்.

பாடகன் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தான். "வானொலி அரங்கத்தின் நேரடி நிகழ்ச்சியில் தங்கள் குழுவுக்கு அரை மணி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. கடைசிப் பாட்டான 'சாவி உள்ளே' பாடும்போது அரங்கத்தின் பியானோவும், எட்டுப் பேர் கொண்ட ஊதுகருவிக் குழுவும் சேர்ந்துகொள்ளும். நிகழ்ச்சி திருப்தியாக அமைந்தால் அதே கலைஞர்களுடன் பன்னிரண்டு ஊர்களில்... கேட்டீங்களா? பன்னிரண்டு ஊரு!"

"பன்னிரண்டு ஊர்லயும் குளிக்க வெந்நீர் இருக்குமா?" என்றாள் இடி. குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள். பகலில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, "பயப்படாதீங்க, வலிக்காது" என்று மெதுவாகப் பேசுவாள். அந்த மெதுவுக்கெல்லாம் சேர்த்து மாலையில் டிரம்ஸைப் போட்டு அடிப்பாள்.

"முதல்ல போவோம். வெந்நீர் தானா வரும்," என்றான் கிட்டார் வாசிக்கும் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவன். சந்தோஷத்தைக்கூட அளந்துதான் ஊற்றுவான். இன்று அவனும் சிரித்தான்.

"என்ன மச்சான், நீ மட்டும் கரண்ட் போன வீடு மாதிரி நிக்கறே?" என்று பாடகன் ஃபியூஸின் முதுகில் ஒரு போடு போட்டான். "பதினோரு வருஷம்! எந்தக் கம்பெனி வாசல்லயும் நிக்காம, நாமளே பதிவு பண்ணி, நாமளே சட்டை அச்சடிச்சு வித்து... இப்ப கூப்பிடறாங்கடா!"

"சந்தோஷம்தான் மாப்ள," என்றான் ஃபியூஸ். பிறகு எந்தத் தேவையும் இல்லாமல், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சுவிட்ச் போர்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

ஃபியூஸ் தொழிலால் எலக்ட்ரீஷியன். குழுவில் பேஸ் கிட்டார். அவனுடைய தங்கையைத்தான் பாடகன் கல்யாணம் செய்திருந்தான். அவர்கள் பயிற்சி செய்யும் அறை பழைய கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் இருந்தது. முதல் நாள் டிரம்ஸையும் பெட்டிகளையும் தோளில் சுமந்து ஏறியபோது, கீழே 'லிஃப்ட் இயங்காது' என்று ஒரு அட்டை தொங்கியது. பதினோரு வருஷமாக அது இயங்கவில்லை. குழுவுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் ஒருவன் இருந்தும் லிஃப்ட் ஏன் சரியாகவில்லை என்று கேட்பவர்களுக்கு, "ஊரார் வீட்டு லிஃப்டுக்குத்தான் அவனுக்கு நேரம் இருக்கு" என்று இடி பதில் சொல்வாள்.

இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிட்டார்காரர்கள் கருவி வைத்துச் சுருதி சேர்ப்பார்கள். கம்பியை மீட்டினால் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று முள் காட்டும் சின்னப் பெட்டி அது. இவர்களிடம் இருந்த ஒரே பெட்டி முதல் வருஷமே இடியின் காலடியில் மிதிபட்டு உடைந்தது. அன்று ஃபியூஸ் தன் பேஸின் தடித்த கம்பியை மீட்டி, "இதுக்குச் சேருங்க" என்றான். அவன் காது அப்படி. அன்றிலிருந்து அதுதான் சட்டம். ஃபியூஸ் சுருதி கொடுப்பான். வாத்தியார் அதற்குத் தன் கம்பிகளைச் சேர்ப்பான். பாடகன் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒலியை உள்ளே வாங்குவான். எந்தப் பேட்டியானாலும் அவன் இதைச் சொல்லாமல் விடமாட்டான். "நாங்க மிஷினை நம்பறதில்லைங்க. மச்சானோட காதை நம்பறோம். இருபத்தெட்டு வயசுல பாடின அதே சுருதியிலதான் இந்த முப்பத்தொன்பதுலயும் பாடறேன்."

ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் ஃபியூஸ் குனிந்து ஏதாவது ஒரு ஒயரைச் சரிசெய்வான். ஏனென்றால் அது அதே சுருதி இல்லை.

எட்டு வருஷமாக அவன் சுருதியை இறக்கிக்கொண்டே வந்திருந்தான். ஒரு மயிரிழை. ஆறு மாதம் கழித்து இன்னொரு மயிரிழை. ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் வித்தியாசம் தெரியாது. வளரும் பிள்ளையைத் தினமும் பார்க்கிற தாய்க்கு அது வளர்வது தெரியாது இல்லையா, அதுபோல. இப்போது முதல் தொகுப்பில் இருக்கும் பாட்டுக்கும் இவர்கள் மேடையில் வாசிப்பதற்கும் ஒரு கட்டைக்கு மேலேயே வித்தியாசம். "உங்கள் மூன்று தொகுப்புகளுக்கும் என் கிட்டாரை மூன்று விதமாகச் சுருதி சேர்க்க வேண்டியிருக்கிறது, ஏன்?" என்று ஒரு ரசிகர் எழுதியிருந்தார். குழுவின் கடிதங்களைப் பார்ப்பது ஃபியூஸ்தான். "தங்கள் கிட்டாரை நல்ல கடையில் காட்டவும்" என்று பதில் போட்டுவிட்டான்.

கிட்டாரைத் தளர்த்தலாம். டிரம்ஸுக்கு இந்த வம்பே இல்லை. ஆனால் பியானோ நகராது. அதன் கறுப்பு வெள்ளைக் கட்டைகளில் ஒன்றைத் தட்டினால் உலகத்துக்கே பொதுவான ஒரு ஒலி வரும். அதன் பக்கத்தில் நின்று ஃபியூஸ் சுருதி கொடுக்கும் கணத்தில், எட்டு வருஷப் பொய் அம்மணமாக நிற்கும். மூன்று வாரம் இருந்தது.

*

முதலில் அவன் நினைத்தது சுலபமான வழி. இறக்கியதுபோலவே ஏற்றிவிட்டால்?

மறுநாள் ஒரு மயிரிழை ஏற்றிக் கொடுத்தான். 'சாவி உள்ளே'யின் உச்சியில் ஒரு வரி உண்டு: "யாருமில்லையா... உள்ளே யாருமில்லையா?" அந்த 'யா'வை எட்டு எண்ணிக்கைக்கு இழுக்க வேண்டும். அந்தப் பாட்டே அந்த இழுப்புக்காகத்தான் ஓடியது. பாடகன் இழுத்தான். முடிக்கும்போது இருமினான்.

"இந்த ரூம்ல தூசி ஜாஸ்தியாயிடுச்சு," என்றான்.

இரண்டாம் நாள் இன்னொரு மயிரிழை. "ஃபேனை நிறுத்துங்க. நேரா தொண்டையில அடிக்குது."

மூன்றாம் நாள் பாதியிலேயே மைக்கை விட்டு விலகி வந்து உட்கார்ந்தான். அவன் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். "இன்னைக்கு ஒரு அம்மா, ரிவர்ஸ் போடுங்கன்னா ஒவ்வொரு தடவையும் முன்னாடியே பாயறாங்க. கத்திக் கத்தித் தொண்டை போச்சு."

"வெந்நீர் குடி," என்றாள் இடி.

"உனக்கு வெந்நீரைத் தவிர வேற எதுவும் தெரியாதா?"

"எங்க ஆஸ்பத்திரியில எல்லாத்துக்கும் அதுதான். உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுவோம்."

நான்காம் நாள் ஃபியூஸ் பயந்துபோய்ப் பழையபடி இறக்கிவிட்டான். பாடகன் அருவி மாதிரி பாடினான். "பாத்தியா? அரை நாள் ரெஸ்ட் கொடுத்தா போதும். குரல் எங்கயும் போகல!" என்று தொடையைத் தட்டினான். ஃபியூஸுக்குத் தன் தலையைச் சுவரில் தட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

அவனால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு வீட்டில் மின்விசிறி மாட்டப் போய், சமையலறை, குளியலறை, மாடிப்படி என்று எல்லா சுவிட்சையும் கழற்றி மாட்டிவிட்டு வந்தான். இன்னொரு வீட்டில் அழைப்பு மணியைச் சரிசெய்து, அது ஒலித்ததும் அதன் சுருதி என்னவென்று யோசித்தபடி பத்து நிமிஷம் அழுத்திக்கொண்டே நின்றான். "வந்தாச்சுப்பா, உள்ளதான் இருக்கோம்!" என்று வீட்டுக்காரர் அலறினார்.

தங்கை போன் செய்தாள். "அண்ணே, உன் மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு? சாயங்காலமானா குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு 'யாருமில்லையா, யாருமில்லையா'ன்னு கத்தறாரு. எதிர் வீட்டுக்காரங்க நான்தான் வெளியில பூட்டிட்டேன்னு நினைச்சு வந்து கதவைத் தட்டறாங்க."

"பயிற்சிம்மா."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்காதே. அவருக்குப் பயம் வந்திருக்கு. பாட்டு மட்டும் இல்லைன்னா அந்த மனுஷன் என்ன ஆவாருன்னு எனக்குத் தெரியும். நீ பாத்துக்கோ."

'நீ பாத்துக்கோ.' எட்டு வருஷமாக அவன் செய்துகொண்டிருந்தது அதைத்தானே!

நிகழ்ச்சிக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஃபியூஸ் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வானொலி அரங்கத்துக்குப் போனான். வாசலில் "எலக்ட்ரிக்கல்" என்றான். ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே விட்டார்கள். எந்தக் கட்டடத்திலும் அந்தச் சொல்லுக்குக் கதவு திறக்கும்.

மேடையில் பியானோ மூடி திறந்திருக்க, உள்ளே பாதி உடம்பை விட்டிருந்தார் ஒரு பெரியவர். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். ஃபியூஸ் ஒரு விளக்கைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றி வந்து, பேச்சுக் கொடுத்தான்.

"ஐயா, ஒரு சந்தேகம். இதை முழுசா ஒரு ஒன்றேகால் கட்டை இறக்க முடியுமா?"

பெரியவர் பியானோவிலிருந்து தலையை வெளியே எடுத்தார். "எதை?"

"பியானோவை."

"ஏம்ப்பா, இது என்ன பேன்ட்டா, இறக்கித் தைக்க? இருநூத்துச் சொச்சம் கம்பி இருக்கு உள்ள. இறக்கினா ரெண்டு நாள்ல தானா ஏறும். ஏறினதை இறக்கினா மறுபடி... நீ எலக்ட்ரீஷியன்தானே?"

"ஆமாங்க."

"பல்பைப் பாரு."

*

நிகழ்ச்சி மாலை ஆறரைக்கு. ஒத்திகை மூன்று மணிக்கு.

பியானோ வாசிக்கும் அம்மாள்தான் அரங்கத்தின் இசைப் பொறுப்பாளர். பன்னிரண்டு ஊரா, பூஜ்யம் ஊரா என்று தீர்மானிப்பவரும் அவரேதான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முதல் தொகுப்பிலிருந்து கேட்டு ஸ்வரக் குறிப்பாக எழுதிய நோட்டுக் காகிதங்களை ஊதுகருவிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க பாட்டை நாலு நாளா கேட்டுக்கிட்டிருக்கேன்," என்று பாடகனிடம் சொன்னார். "அந்த இழுப்பு! அதுக்குப் பின்னாடி எட்டுப் பேரும் சேர்ந்து ஊதினா கூரை பறக்கும். ஆரம்பிக்கலாமா? சுருதி சேர்த்துக்கங்க."

அவர் ஒரு கட்டையைத் தட்டுவதற்குள் பாடகன் பெருமையாகக் கையைக் காட்டினான். "மேடம், எங்க வழக்கப்படி மச்சான்தான் கொடுப்பாரு."

ஃபியூஸ் கம்பியை மீட்டினான்.

அந்த அம்மாள் பியானோவைத் தட்டினார். இரண்டு ஒலிகளும் ஒன்றை ஒன்று பிறாண்டின. டிரம்பெட்காரர் பல் கூசியவர்போல் முகத்தைச் சுளித்தார். மறுபடி தட்டினார். மறுபடி பிறாண்டல். ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறங்கி வந்து ஓரிடத்தில் நின்றார்.

"உங்க கம்பி ரொம்பக் கீழ இருக்கே," என்றார்.

"இருக்காது மேடம். பதினோரு வருஷமா அதே சுருதி," என்றான் பாடகன்.

"அப்படியா? உங்க முதல் தொகுப்புல இந்தக் கட்டை." டிங். "இப்ப இவர் கொடுத்தது இந்தக் கட்டைக்கும் இந்தக் கட்டைக்கும் நடுவுல." டிங், டிங். "சந்துல நிக்கறீங்க. என்னால சந்துல வந்து வாசிக்க முடியாது. ஒண்ணு மேல வாங்க, நோட்டு ரெடி. இல்ல, இன்னும் கொஞ்சம் கீழ இறங்கி இந்தக் கட்டைக்கு வாங்க. ஆனா அதுக்கு எட்டுப் பேருக்கும் நோட்டை மாத்தி எழுதணும். ஒன்றரை மணி நேரம் ஆகும். நாலரைக்குள்ள சொல்லிடுங்க."

பாடகன் பியானோவைப் பார்த்தான். பிறகு ஃபியூஸைப் பார்த்தான். ஃபியூஸ் தன் செருப்பைப் பார்த்தான்.

"அதான் என் கம்பியெல்லாம் தொளதொளன்னு இருந்துச்சா?" என்றான் வாத்தியார் மெதுவாக. "நான் மழைக்காலம்னு நினைச்சேன். தடிமனான கம்பியா வாங்கி மாட்டிக்கிட்டேன்."

"எட்டு வருஷ மழையா?" என்றாள் இடி.

"மேல ஏத்து," என்றான் பாடகன்.

"மாப்ள..."

"ஏத்துடா!"

ஏற்றினார்கள். வாத்தியாரின் தடித்த கம்பி ஒன்று பாதி வழியில் படாரென்று அறுந்தது. அவன் வேறு மாட்டினான். பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் போயிற்று. இரண்டாவது போயிற்று. இடி டிரம்ஸை உருட்டி உச்சிக்குக் கொண்டுவந்து விட்டாள்.

"யாருமில்லையா..."

இரண்டாவது எண்ணிக்கையில் குரல் கிழிந்தது. தகரத்தை வெட்டியதுபோல் ஒரு சத்தம். அதற்குப் பிறகு வெறும் காற்றுதான் வந்தது. எட்டு ஊதுகருவிகளும் அந்த வெற்றிடத்தில் தனியாக முழங்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கடத்துடன் நின்றன.

"இன்னொரு தடவை," என்றான் பாடகன்.

இன்னொரு தடவையும் அதேதான். இந்த முறை முதல் எண்ணிக்கையிலேயே.

டிரம்பெட்காரர் தன் கருவியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க வேண்டிய அவசியம் அதற்கு இருக்கவில்லை. பாடகன் மைக்கை அதன் தண்டில் பத்திரமாக மாட்டிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே போனான்.

மணி மூன்று ஐம்பது.

*

ஃபியூஸ் அவனை ஒப்பனை அறையில் தேடினான். கழிவறையில் தேடினான். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்தது. இரண்டு தடவை மேலும் கீழும் போய்வந்தான். நான்கு பத்துக்கு, வண்டி நிறுத்துமிடத்தில் டிரைவிங் ஸ்கூல் காரைப் பார்த்தான். கூரையில் 'பயிற்சி வண்டி' என்ற பலகை. உள்ளே பாடகன், ஓட்டுநர் இருக்கையில் அல்ல, அவன் தினமும் உட்காரும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

ஃபியூஸ் சுற்றி வந்து ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தான். அவன் கை தானாக வண்டியின் விளக்கு சுவிட்சைத் திருகியது. போட்டது, அணைத்தது, போட்டது.

"அதை விடு. பேட்டரி போகும்."

விட்டான்.

"எப்ப ஆரம்பிச்சே?"

"மூணாவது வருஷம். அந்த மழையில நனைஞ்சு உனக்குச் சளி பிடிச்சிருந்துச்சு. அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும்னு நினைச்சேன். கொஞ்சூண்டு இறக்கினேன்."

"சளி போனப்புறம் ஏன் ஏத்தல?"

ஃபியூஸ் கண்ணாடி வழியே வெளியே பார்த்தான். "அன்னைக்கு நீ ரொம்ப நல்லா பாடின."

"நாயே."

"திட்டு."

"உன்னைத் திட்டி என்ன பிரயோஜனம்? ஊர் பூரா என் வாயாலயே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே! இருபத்தெட்டு வயசுச் சுருதின்னு! ஒரு தடவையாவது என் வாயைப் பொத்தியிருக்கலாம்ல?"

"எப்படிப் பொத்தறது? சொன்னா நீ பாடறதை விட்டுடுவே. உன்னை எனக்குத் தெரியாதா? ரெண்டாம் இடம் வந்ததுக்குச் சதுரங்கத்தையே விட்டவன் நீ. அப்புறம் ஒரு கட்டத்துக்கு மேல... பயந்துட்டேன் மாப்ள. ஒவ்வொரு நாளும் சொல்லணும்னு நினைப்பேன். ஒவ்வொரு நாளும் நேத்தைவிடக் கஷ்டமா இருக்கும்."

பாடகன் குனிந்து தன் காலடியைப் பார்த்தான். அவன் பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது. பயிற்சி வண்டிகளில் இருக்கும் இரண்டாவது பிரேக்.

"இது எதுக்குன்னு தெரியுமா?" என்றான். "ஓட்டக் கத்துக்கறவன் பதறும்போது நான் இங்கேருந்து மெதுவா அழுத்துவேன். வண்டி நிக்கும். தானே நிறுத்திட்டதா நினைச்சுக்கிட்டு அவன் என்னைப் பாத்துச் சிரிப்பான். நானும் 'சபாஷ்'னு சொல்லுவேன். தினமும் எட்டுப் பேருக்கு இதைச் செய்யறேன். அதையேதான் நீ எனக்குச் செஞ்சிருக்கே."

ஃபியூஸுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று. "அப்ப உனக்குப் புரியுதில்ல..."

"முழுசா கேளு. டெஸ்ட் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி, நான் காலை எடுத்துடுவேன். எடுத்துட்டேன்னு சொல்லியும் சொல்லுவேன். 'இனிமே நீதான்'ன்னு. நீ எட்டு வருஷம் காலை எடுக்கவே இல்லை, மச்சான்."

ஃபியூஸ் ஸ்டியரிங்கிலிருந்து கையை இறக்கினான்.

"மணி என்ன?" என்றான் பாடகன்.

"நாலு இருபத்தி ரெண்டு."

"இறங்கு."

"எங்க போறே?"

"இறங்குன்னா இறங்கேன்! எல்லாத்தையும் உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்யணுமா?"

அவன் விறுவிறுவென்று நடந்தான். ஃபியூஸ் பின்னால் ஓடினான். பேருந்து நிறுத்தம் ஒரு பக்கம், அரங்கத்தின் பின்வாசல் மறு பக்கம். நடுவில் பாடகன் ஒரு கணம் நின்றான். அந்த ஒரு கணத்தில் ஃபியூஸ் தன் பதினோரு வருஷத்தையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு பாடகன் பின்வாசலைத் தள்ளினான்.

மேடையில் ஊதுகருவிக்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இடி குச்சியால் தன் முழங்காலையே தட்டிக்கொண்டிருந்தாள். பியானோ அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாடகன் எல்லாரையும் கடந்து நேராகப் பியானோவிடம் போனான்.

"மேடம், நீங்க சொன்ன கீழ்க்கட்டை எது?"

அவர் காட்டினார்.

"என் குரல் இப்ப இங்கதான் இருக்கு. முன்னாடி வேற இடத்துல இருந்துச்சு. எட்டுப் பேருக்கும் சிரமம் கொடுக்கறேன். மன்னிச்சுக்கங்க." பிறகு குழுவின் பக்கம் திரும்பினான். "இன்னைக்குச் சுருதி நான் கொடுக்கறேன்."

ஒரு விரலால் அந்தக் கட்டையை அழுத்தினான்.

டிங்.

ஃபியூஸ் தன் கம்பியைத் தளர்த்தினான். பதினோரு வருஷத்தில் முதன்முறையாக, இன்னொருவர் கொடுத்த ஒலிக்கு அவன் சேர்த்தான். சரியாகப் பொருந்துகிற இடம் வந்ததும் காதில் இருந்த பிறாண்டல் நின்றது. கண்ணில் மட்டும் ஏதோ உறுத்தியது. 'தூசி,' என்று நினைத்துக்கொண்டான்.

"பேனா எடுங்கப்பா," என்றார் பியானோ அம்மாள். டிரம்பெட்காரர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு முணுமுணுத்தார். "சொல்றதை மதியமே சொல்லியிருந்தா டீயாவது சூடா குடிச்சிருப்போம்." ஆனால் பேனாவை எடுத்தார்.

*

ஆறரைக்கு ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் நான்கு பாட்டுகளும் எப்படிப் போயின என்று ஃபியூஸுக்கு நினைவில்லை. பாடகன் அவன் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. வழக்கமாகப் பாட்டுக்குப் பாட்டு ஒரு கண்சிமிட்டல் உண்டு. இன்று அது இல்லை.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் பாடகன் மைக்கில் பேசினான்.

"இந்தப் பாட்டை நாங்க பதிவு பண்ணப்ப எனக்கு இருபத்தெட்டு வயசு. அதே சுருதியிலதான் இன்னும் பாடறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அது தப்பு. இப்ப இறங்கித்தான் பாடறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். இடி நான்கு எண்ணினாள்.

உச்சி வந்தது. ஃபியூஸ் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷமும் அந்த இடத்தில் பாடகன் கழுத்து நரம்பு புடைக்க நுனிக்காலில் நிற்பான். இன்று பாதம் முழுவதும் தரையில் இருந்தது.

"யாருமில்லையா..."

எட்டு எண்ணிக்கைக்கும் குரல் தாங்கியது. கூரை பறக்கவில்லை. பழைய அலறல் இதில் இல்லை. பூட்டிய கதவை உடைக்க வந்தவனின் குரலாக இருந்தது முன்பு. இது, கதவுக்கு உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் கேட்கிறவனின் குரல். ஃபியூஸுக்கு எது பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. எட்டாவது எண்ணிக்கைக்குப் பிறகும் பாடகனிடம் மூச்சு மிச்சம் இருந்தது. இன்னும் இரண்டு எண்ணிக்கை சேர்த்து இழுத்தான். இதை எதிர்பார்க்காத டிரம்பெட்காரர் அவசரமாக மறுபடி மூச்சு வாங்கி ஊதினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் பியானோ அம்மாள் காகிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். "இந்த நோட்டை நான் வச்சுக்கறேன். பன்னிரண்டு ஊருக்கும் இதேதான். நடுவுல மாத்தறதா இருந்தா முன்கூட்டியே சொல்லணும். புரியுதா?" கடைசிக் கேள்வியை அவர் பாடகனிடம் கேட்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக ஃபியூஸைப் பார்த்துக் கேட்டார்.

"ஒவ்வொரு ஊர்லயும் வெந்நீர் இருக்குமா மேடம்?" என்றாள் இடி.

வண்டி நிறுத்துமிடத்தில் வாத்தியாரும் இடியும் பெட்டிகளோடு பின்னால் ஏறிக்கொண்டார்கள். பாடகன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை செய்தி அனுப்பியிருந்தாள். அதை ஃபியூஸின் முகத்துக்கு நேரே நீட்டினான். 'கேட்டேன். எதிர் வீட்டுக்காரங்களும் கேட்டாங்க. நல்லா மூச்சு விட்டுப் பாடினீங்க. இனிமேலாவது குளியலறையை எங்களுக்கு விடுங்க.'

ஃபியூஸ் சிரித்தான். பாடகன் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில கடைக்குப் போய்ச் சுருதிப் பெட்டி ஒண்ணு வாங்கறோம்," என்றான். "ரெண்டு. ஒண்ணை இடி மிதிச்சாலும் இன்னொண்ணு இருக்கும்."

"இனிமே இறக்க மாட்டேன் மாப்ள. சத்தியமா..."

"சத்தியமெல்லாம் வேணாம். பெட்டி போதும்." சாவியை அவன் மடியில் எறிந்தான். "நீயே ஓட்டு."

ஃபியூஸ் வண்டியை எடுத்தான். பாடகன் பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு, வெளியே பார்த்தபடி வந்தான். முதல் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். ஃபியூஸ் பதறிக் காலை அழுத்துவதற்குள் வண்டி நின்றுவிட்டது. அலுங்காமல், தானாக நின்றதுபோல.

ஃபியூஸ் பக்கத்தில் பார்த்தான். பாடகன் இன்னும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் போட்டேன்," என்றான். "சொல்லிட்டேன். பாத்து ஓட்டு."